ஒரு துளிக்குள் எத்தனை கராம்பு?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். வயது 33. வீட்டிலிருந்தபடியே பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் ஓடர் எடுத்துக் கேக் செய்து கொடுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள், தோடம்பழம், கறுவா, கராம்பு, யூகலிப்டஸ், விண்டர்கிரீன் என ஐந்து சிறு போத்தல் நறுமண எண்ணெய் தந்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாமே முதல் தரம், முற்றிலும் தூயது என்று எழுதியிருக்கிறது. எசன்ஸுக்குப் பதிலாக இவற்றைக் கேக்கில் விடலாமா? 14 மாத மகனுக்கு அடிக்கடி தடிமன் பிடிக்கிறது. யூகலிப்டஸை அவனுடைய நெஞ்சில் தடவி, வேதும் பிடிக்கலாமா? இதய வால்வு மாற்றிய என் மாமி, இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுக்கும் வாபரின் குளிசை பாவிக்கிறார். மூன்று கிழமையாக இரவில் முழங்காலுக்கு விண்டர்கிரீன் பூசுகிறார், வலி குறைகிறது என்கிறார். தரமான எண்ணெய் என்பதால் பயமில்லைதானே?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் கேக் முதலிலும் மாமி கடைசியிலும் வருகிறார்கள். என் பதிலில் மாமிதான் முதலில் வர வேண்டும். இன்றிரவே அந்த விண்டர்கிரீன் பூசுவதை நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணெயின் ஏறத்தாழ முழுப்பகுதியும் மெதைல் சலிசிலேற்று என்ற பொருள். அஸ்பிரினின் நெருங்கிய உறவு. அது தோலோடு நின்றுவிடுவதில்லை. தேய்க்கத் தேய்க்க, மேலே துணி சுற்றிச் சுடுநீர்ப் போத்தல் வைக்க வைக்க, இரத்தத்துக்குள் கூடுதலாக இறங்கும். வாபரின் பாவிக்கும் ஒருவருக்கு இப்படி நாள்தோறும் இறங்கினால் இரத்தம் உறையும் தன்மை அளவுக்கு மீறிக் குறைந்து, வயிற்றுக்குள்ளோ மூளைக்குள்ளோ இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. முரசில் இரத்தம் வருகிறதா, காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்ந்த தழும்புகள் இருக்கின்றனவா, மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று மாமியிடம் கேளுங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் கிழமையே, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்விக்க வேண்டும். பயத்தில் வாபரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றிய வால்வில் இரத்தக்கட்டி உண்டாகலாம், அதுவும் உயிருக்கு ஆபத்து.

முழங்காலுக்கு இளஞ்சூடாக்கிய நல்லெண்ணெயைத் தேய்த்து மெல்ல நீவிவிடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நம் பரியாரிமார் காய்ச்சும் தைலங்களையும் இந்தப் போத்தல்களையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள் என்பதால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். தைலம் என்பது நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ மூலிகையைப் போட்டுக் காய்ச்சி வடிப்பது. மூலிகையின் சாரம் அதில் பரந்து, ஐதாகக் கிடக்கும். உங்கள் மச்சாள் தந்தவை செடியின் மணப்பகுதியை மாத்திரம் நீராவியால் வடித்தோ, தோடம்பழத் தோலைப் பிழிந்தோ எடுத்தவை. அவற்றில் ஐதாக்க எதுவும் சேர்க்கப்படவில்லை. ‘முற்றிலும் தூயது’ என்று போத்தலில் எழுதியிருப்பதன் பொருள் அதுதான்.

இங்கேதான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை இருக்கிறது. தரம் என்பது கலப்படம் இல்லை என்பதற்கான உறுதி. ஆபத்து இல்லை என்பதற்கான உறுதியாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. கலப்படமில்லாத விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலீற்றரில், ஏறத்தாழ 7 கிராம் அஸ்பிரினுக்கு ஈடான சலிசிலேற்று இருக்கிறது. 300 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசைகள் இருபதுக்கு மேல் விழுங்கியதற்கு அது சமம். எண்ணெய் எவ்வளவு தூயதோ அந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வரும். வைத்தியத் தரம் என்று சில போத்தல்களில் அச்சிட்டிருப்பார்கள். அது விற்பவர்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயர், எந்த அரச மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் கொடுத்த தரம் அல்ல.

‘ஒரு துளிதானே’ என்ற சொல்லை நான் அடிக்கடி கேட்கிறேன். அந்தத் துளியைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். ஏறத்தாழ 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலீற்றர். ஆகவே ஒரு துளி சுமார் 50 மில்லிகிராம். நல்ல கராம்பு மொட்டில் எடையின் 15 வீதமளவு எண்ணெய் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு துளி எண்ணெய் என்பது மூன்று, நான்கு முழுக் கராம்பு. கறுவாப்பட்டையில் எண்ணெய் 1 வீதத்தை அண்டித்தான் இருக்கும் என்பதால், அதன் ஒரு துளிக்குள் சுமார் 5 கிராம் பட்டை அடங்கியிருக்கிறது. ஒரு சட்டி இறைச்சிக் கறிக்குக்கூட நீங்கள் அவ்வளவு கறுவா போடமாட்டீர்கள். கராம்பெண்ணெயின் பெரும்பகுதியான யூஜெனோல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை நாள்தோறும் உட்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் இணைந்த நிபுணர் குழு வகுத்திருக்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள உங்கள் மகனுக்கு அது 25 மில்லிகிராம். ஒரு துளிக் கராம்பெண்ணெயிலோ 40 மில்லிகிராம் அளவுக்கு யூஜெனோல் உண்டு. ஒரு நாள் எல்லையைத் தாண்டியவுடன் நஞ்சாகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் துளி என்பது ஒரு மருந்தளவு என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. இரண்டு தேக்கரண்டி கராம்பெண்ணெய் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் கடும் ஈரல் பாதிப்பும் ஏற்பட்டதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

மகனைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஓர் இரவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் நான் சிறுவர் விடுதியில் இரவுக் கடமையில் இருந்தேன். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பிள்ளை வாசலுக்கு வருமுன்பே யூகலிப்டஸ் மணம் வந்துவிட்டது. தாயின் கையில் இருந்த போத்தலின் அடியில் நகத்தளவு எண்ணெய்தான் மிச்சம். துளிமூடி கழன்று போயிருந்தது. தடிமனுக்குத் தலையணையில் விடுவதற்காகக் கட்டிலருகே வைத்த போத்தல் அது. பிள்ளை குடித்தது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட இருக்கலாம். அரை மணித்தியாலத்துக்குள் தலை சாய்ந்து, கண் செருகி, வலிப்பும் வந்துவிட்டது. வீட்டில் யாரோ தொண்டைக்குள் விரல்விட்டு வாந்தி எடுப்பித்திருந்ததால் எண்ணெய் நுரையீரலுக்குள்ளும் போயிருந்தது. ஐந்தாம் நாள் பிள்ளை நடந்து வீட்டுக்குப் போனது. தாய்க்குத் தெரியாமற் போனது ஒன்றே ஒன்று: மண்ணெண்ணெய்ப் போத்தலை எட்டாத உயரத்தில் வைக்கும் நாம், இந்த மணக்கும் போத்தலையும் அதே தட்டில் வைக்க வேண்டும் என்பது. சுவாமித்தட்டில் இருக்கும் கற்பூரக் கட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; ஒரு கிராமளவு கற்பூரம்கூடச் சிறு பிள்ளையின் உயிரைப் பறித்ததுண்டு, பார்வைக்கு அது கற்கண்டு போலவே இருக்கிறது.

ஆகவே 14 மாதப் பிள்ளைக்கு யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தோல் எதுவும் வேண்டாம். நெஞ்சில் தடவுவதும் மூக்கருகே வைப்பதும் வேண்டாம். கடுமையான அந்த மணம் பட்டதும் குழந்தையின் குரல்வளை இறுகி மூச்சுத் தடைப்படலாம். வேது பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். கொதிநீர்ச் சட்டி சரிந்து வெந்த பிள்ளைகளை விடுதியில் கண்டவன் என்ற முறையில் இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பாமசியில் கிடைக்கும் உப்புநீர் மூக்குத்துளியை இரண்டு பக்கமும் விட்டு, தாய்ப்பாலைக் குறைவில்லாமல் கொடுங்கள். ஒரு வயதைத் தாண்டிவிட்டதால் இருமலுக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம்; ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒருபோதும் கூடாது. பிள்ளை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ அது வெறும் தடிமன் அல்ல. உடனே காட்ட வேண்டும்.

இனிக் கேக். இதில் நான் உங்களுக்கு நல்ல செய்தியும் சொல்லலாம். விண்டர்கிரீனும் யூகலிப்டஸும் சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது. மற்ற மூன்றும், போத்தலில் உணவுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தால், மிகச் சிறிய அளவில் கேக்கில் சேர்க்கத் தக்கவை. நீங்கள் வழமையாகப் பாவிக்கும் எசன்ஸ், மணப்பொருளை வேறொரு திரவத்தில் கரைத்து ஐதாக்கியது. அதைத் தேக்கரண்டியால் அளந்து பழகிய கை, இந்தப் போத்தலையும் அதே அளவில் சரித்துவிடும். ஒரு கிலோ பட்டர் கேக்குக்குத் தோடம்பழ எண்ணெய் நான்கைந்து துளி போதும். கறுவாவோ கராம்போ ஒன்று, கூடினால் இரண்டு துளி. இரண்டு துளிக் கராம்பெண்ணெய் விட்ட கேக்கை இருபது துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் யூஜெனோல் 4 மில்லிகிராம்தான் வரும்; சிறு பிள்ளை சாப்பிட்டாலும் எல்லைக்கு உள்ளேயே இருக்கும். ஆனால் எண்ணெய் மா முழுவதும் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்குச் சரி. பாலிலோ தண்ணீரிலோ விட்டால் அது மேலே மிதந்து ஒரு மூலையில் சேர்ந்துவிடும், அந்த மூலைத் துண்டைச் சாப்பிடுபவரின் நாக்கு எரியும். பட்டரையும் சீனியையும் அடிக்கும்போதே பட்டரில் விட்டு நன்றாக அடியுங்கள்.

கேக்கை அவன் அடுப்பில் வைத்த பிறகு மணம் போதவில்லை என்று தோன்றித் துளியைக் கூட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அடுப்பு 180 பாகையில் இருந்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டுவதில்லை. இருந்தும் ஈரம் ஆவியாகும்போது மணத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. கேக் வேகும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அது கேக்கை விட்டு வெளியேறிய மணம். அதை ஈடுசெய்யத் துளியைக் கூட்டுவதைவிடத் தோடம்பழத் தோலைத் துருவிச் சீனியோடு கசக்கிச் சேர்ப்பதையே நான் விரும்புவேன். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் லவ் கேக்கில் ரவையும் கஜுவும் பன்னீரும் இடித்த வாசனைச் சரக்குமாகச் சேர்ந்து வரும் மணத்தை எந்தப் போத்தலும் தந்து நான் கண்டதில்லை.

கறுவாப் போத்தலை எடுத்துப் பட்டையா, இலையா என்று பாருங்கள். இரண்டும் ஒரே மரந்தான்; பட்டை எண்ணெயில் சின்னமல்டிகைட்டு என்ற மணப்பொருள்தான் அதிகம், இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனோல், அதன் மணம் கராம்பை ஒத்திருக்கும். இலை எண்ணெய் மலிவு என்பதால் பட்டை எண்ணெயில் அதைக் கலந்து விற்பவர்களும் உண்டு. தாவரத்தின் பெயர், எடுத்த பாகம், நாடு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி இவை இல்லாத போத்தலை உணவில் சேர்க்க வேண்டாம். கறுவா எண்ணெயைத் தோலிலும் பூச வேண்டாம். கையில் பட்டாலே சிலருக்குச் சிவந்து கொப்புளிக்கும். பட்டுவிட்டால் முதலில் தேங்காயெண்ணெயால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இந்த எண்ணெயைத் தேநீரிலோ குடிக்கும் தண்ணீரிலோ விடும் வழக்கமும் இப்போது பரவுகிறது. ஒருமுறை என் மேசையில் ஒரு ரெஜிபோம் பெட்டி மூடியின் மேல் தோடம்பழ எண்ணெய் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். சிறிது நேரத்தில் அந்த இடம் உருகிக் குழியாகிப் பசைபோல விரலில் ஒட்டியது. தண்ணீரில் கரையாமல் மிதக்கும் அதே துளி அப்படியே உதட்டிலும் தொண்டையிலும் படுகிறது. அதனாலேயே இவற்றைப் பிளாஸ்டிக்கில் ஊற்றி வைக்காமல் கருங்கண்ணாடிப் போத்தலிலேயே வைத்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தோடம்பழ எண்ணெய் விரைவில் காற்றுப்பட்டுக் கெடும். கெட்டது தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். குளிர்சாதனப் பெட்டியில், பிள்ளை திறக்க முடியாத டப்பாவுக்குள் வையுங்கள். வார்னிஷ் போல மணக்கத் தொடங்கினால் எறிந்துவிடுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பிள்ளை குடித்துவிட்டால், வாந்தி எடுப்பிக்காதீர்கள், உப்புத்தண்ணீரோ பாலோ பருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியுலன்ஸ் வரும். போத்தலையும் கையோடு கொண்டு வாருங்கள், அதைப் பார்த்தால்தான் எங்களுக்கு எதை எதிர்பார்ப்பது என்று தெரியும்.

உங்கள் மாமியின் கிளினிக் கொப்பியில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை விண்டர்கிரீன் பூசினார் என்பதை இன்றே எழுதி வையுங்கள். வலிக்குப் பூசும் எண்ணெயை மருந்தென்று நினைக்காததால் பெரியவர்கள் கிளினிக்கில் அதைச் சொல்வதில்லை, நாங்களும் சில வேளைகளில் கேட்கத் தவறிவிடுகிறோம். கொப்பியில் எழுதியிருந்தால், ஐ.என்.ஆர். பார்க்கும் வைத்தியர் வாபரின் அளவை மாற்றுவதற்கு முன் அதைக் காண்பார்.