மில்டோனியா ஆர்க்கிட்: இலையில் கொசுவம் விழுவது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். வீட்டை ஒட்டி நிழல்வலைக் கொட்டகை போட்டு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்த்துப் பழக்கம் உண்டு. போன தை மாதம் மில்டோனியா என்று சொல்லிக் கொடுத்த 40 தொட்டிச் செடிகள் வாங்கினேன். பங்குனி, சித்திரையில் வந்த புது இலைகள் எல்லாம் சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக வந்திருக்கின்றன. பாதிச் செடிகளில் இது மோசம், மீதியில் அவ்வளவாக இல்லை. ஆனால் அந்த மீதியில் இலை மஞ்சளடித்துக் கிடக்கிறது. டென்ட்ரோபியத்துக்குப் போலவே மூன்று நாளுக்கு ஒருமுறை போர்வெல் தண்ணீர் விடுகிறேன். சில செடிகளில் பல்பின் (இலைக்கு அடியில் நீர் சேர்த்து வைக்கும் பருத்த தண்டு) உச்சியில் ஓர் இலையும், சிலவற்றில் இரண்டு இலையும் இருக்கின்றன. அது வயது வித்தியாசமா? இன்னும் 500 செடி வாங்கிப் பூவை வெட்டி விற்கலாமா?

பதில்: கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, ஓர் இலை, இரண்டு இலை என்று, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது வயது வித்தியாசம் இல்லை. உங்களிடம் இருப்பது இரண்டு வெவ்வேறு இனங்கள். பல்பின் உச்சியில் இரண்டு இலை விட்டு, பல்புகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடைவெளியோடு கிடைத்தண்டில் நகர்ந்துகொண்டே போனால் அது மில்டோனியா. உச்சியில் ஒரே இலையும், பல்புகள் தட்டையாக, நெருங்கி ஒரே கொத்தாகவும் இருந்தால் அது மில்டோனியாப்சிஸ். பூவின் நடுவில் முகமூடி வரைந்ததுபோல் கறை இருக்குமே, பான்சி ஆர்க்கிட் என்று படம் போட்டு விற்பார்கள், அது இந்த இரண்டாவது வகை. விற்பவர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். 1837-இல் லிண்ட்லி என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் மில்டோனியாவுக்குப் பெயர் வைத்தார். 1889-இல் மற்றதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். ஆனால் அந்தப் பிரிவினையைத் தாவரவியலாளர்கள் பரவலாக ஏற்றது 1976-க்குப் பிறகுதான். நர்சரிக்காரர்கள் இன்றுவரை இரண்டையும் மில்டோனியா என்றே எழுதி ஒட்டுகிறார்கள்.

இன்றைக்கே 40 தொட்டியையும் இலையைப் பார்த்து இரண்டு வரிசையாகப் பிரித்து வையுங்கள். மடிப்பு மோசமாக இருப்பவற்றில் பெரும்பாலானவை ஒற்றை இலை வரிசையில் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் அவற்றின் சொந்த ஊர். மில்டோனியா சின்ன இனம், ஏறத்தாழ ஒரு டஜன் வகைகள்தான். பெரும்பாலும் பிரேசிலின் தென்கிழக்குக் கடலோர மலைக்காடுகளில், அதாவது ரியோ டி ஜெனீரோ, எஸ்பிரிட்டோ சான்டோ, சாவ் பாவ்லோ பக்கத்து அட்லாண்டிக் காட்டில், மரக்கிளைகளில் ஒட்டி வளர்பவை. ஃபிளாவெசென்ஸ் என்ற வகை மட்டும் பராகுவே, அர்ஜென்டினாவின் வடகிழக்கு வரை போகிறது. பகலில் மிதமான வெப்பம், இரவில் நல்ல குளிர்ச்சி, கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று. ஏற்காட்டின் 1500 மீட்டர் உயரம் இதற்கு ஏறக்குறையப் பொருந்தும். மில்டோனியாப்சிஸ் ஐந்தாறு வகைகளே உள்ள இன்னும் சிறிய இனம். அது ஆண்டீஸ் மலையின் பனிமூட்டக் காட்டுச் செடி. கொலம்பியா, ஈக்வடார், பெரு, வடக்கே கோஸ்டாரிகா வரை. அதில் ரோயஸ்லி என்ற வகை வளரும் கொலம்பியாவின் சோக்கோ பகுதி உலகிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்துச் செடியை மூன்று நாள் காயவிட்டால் தாங்குமா?

டென்ட்ரோபியம் காய்ந்து நனைந்து பழகிய செடி. கரும்பு மாதிரி நீண்ட தண்டில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் அப்படி இல்லை. பல்பு சிறியது, இலை மெல்லியது, வேர் நூல் போல. புது இலை உறைக்குள்ளிருந்து நீண்டு வரும்போது ஒரு சில நாள் நீர் குறைந்தாலும் இலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வளர இடமில்லாமல் மடிந்துவிடும். விழுந்த மடிப்பு அப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் நிமிராது. ஆகவே இப்போதுள்ள மடிப்பைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அடுத்த இலை எப்படி வருகிறது என்று பாருங்கள். உறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் இளம் இலையை ஈர விரலால் மெதுவாக விலக்கி விடலாம்.

ஆனால் தண்ணீரைக் கூட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மடிப்பு மோசமான செடி ஒன்றைத் தொட்டியிலிருந்து சாய்த்து எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் தாகம்தான் காரணம். பழுப்பாகி, நசுக்கினால் தோல் மட்டும் கையோடு வந்தால் வேர் செத்துவிட்டது. நீர் இருந்தும் குடிக்க வாய் இல்லாததால்தான் இலை மடிகிறது. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் பல்பும் அழுகும். பலரும் செடியைக் கொல்வது இந்த இடத்தில்தான். வேர் செத்த செடிக்கு அழுகியதை வெட்டி எறிந்து, மிச்ச வேர் கொள்ளும் அளவுக்கு மட்டும் சிறிய தொட்டியில், ஈரம் பிழிந்த ஸ்பாக்னம் பாசியில் லேசாகச் சுற்றி, நிழலான ஈரமூலையில் வையுங்கள். புது வேர் விடும்வரை உரம் கூடாது.

வேர் ஏன் செத்தது? அங்கே உங்கள் போர்வெல் தண்ணீர்மீது எனக்குச் சந்தேகம். இந்த இரண்டு இனமும் உப்புக்கு மிகவும் கூச்சப்படுபவை, ஒற்றை இலை வகை இன்னும் அதிகம். மலை உச்சியில் மழைநீரை மட்டும் குடித்து வளர்ந்த பரம்பரை. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிகிறதா? இலை நுனி கருகுகிறதா? தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். 100 பிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. 200-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை இந்தச் செடிகளுக்கு விடாதீர்கள்.

மாற்று உங்கள் கூரையிலேயே இருக்கிறது. 100 சதுர அடித் தகரக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கும். 40 தொட்டிக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் போதும். மழைக்காலத்தில் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றை நிரப்பி மூடி வைத்தால் மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் வரும். மலையில் இருந்துகொண்டு மழைநீர் பிடிக்காமல் ஆர்க்கிட் வளர்ப்பது வீண் சிரமம்.

இனி எப்படித் தண்ணீர் விடுவது? வெயில் மாதங்களில் தினமும் காலையில், தொட்டியின் அடியில் ஒழுகும்வரை. மழைமாதங்களில் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, அதுவும் தொட்டியைத் தூக்கிப் பார்த்து லேசாகியிருந்தால் மட்டும். அடைமழை நேரடியாக விழாமல் மேலே பாலித்தீன் தாள் வேண்டும், தொடர்ந்து நனைந்தால் இளந்தளிர் அழுகும். தொட்டிகளுக்கு அடியில் ஜல்லி பரப்பி நனைத்து வைத்தால் பங்குனி வெயிலில் காற்றின் ஈரம் குறையாது. ஒற்றை இலை வரிசைக்குக் கொட்டகையில் குளிர்ந்த பக்கத்தைக் கொடுத்து, 70 சதவீத நிழல்வலை போடுங்கள். பகல் வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் அது திணறும். உண்மையைச் சொன்னால் கொடைக்கானலிலோ கோத்தகிரியிலோ இருப்பவருக்குத்தான் அது ஏற்றது.

இரட்டை இலை வரிசையின் மஞ்சளுக்கு மருந்து தேடாதீர்கள். மில்டோனியாவின் இலை இயல்பிலேயே வெளிர் மஞ்சள் கலந்த பச்சைதான். வெளிச்சம் அதிகமானால் இன்னும் மஞ்சளாகி ஓரம் சிவக்கும், அப்போது வலையை இரட்டிப்பாக்குங்கள். பழைய பல்பின் அடியிலை மஞ்சளாகி உதிர்வது வயது. இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தால்தான் எனக்கு யோசனை வரும், அது வெளிச்சம் போதாமல் பூக்காத செடி. இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் புள்ளியாக இருந்தால் மட்டும் சிவப்புச் சிலந்திப்பேனா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கவும், காய்ந்த காற்றில் அது வரும்.

தொட்டிக் கலவைக்குத் தேங்காய் மட்டைத் துண்டு போட்டிருப்பீர்கள், டென்ட்ரோபியம் பழக்கம். மட்டையில் உப்பு உண்டு. பல முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கழுவாமல் இந்தச் செடிக்கு ஆகாது. பொடிப்பொடியான பைன் மரப்பட்டையோடு கொஞ்சம் கரியும் ஸ்பாக்னமும் சேர்த்தால் போதும். பட்டை மக்கி மாவாகுமுன், ஒன்றரை இரண்டு ஆண்டுக்குள், பூ முடிந்து புதுத் தளிர் வேர்விடத் தொடங்கும்போது மாற்றுங்கள். பிரிப்பதானால் ஒரு துண்டில் மூன்று பல்புக்குக் குறையக் கூடாது. மில்டோனியா ஸ்பெக்டாபிலிஸ் நடந்துகொண்டே போகும் செடி, தொட்டியைவிட அகலமான தட்டோ மரப்பட்டைத் துண்டோ அதற்குச் சௌகரியம். உரத்துக்கு 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, வளரும் காலத்தில் மட்டும். மாதம் ஒருமுறை வெறும் மழைநீரால் தொட்டியை நன்றாகக் கழுவி விடுங்கள்.

இப்போது 500 செடி. பூவை வெட்டி விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். டென்ட்ரோபியம் பூ குவளையில் இரண்டு வாரம் நிற்கும், அதை நம்பித்தான் அந்தச் சந்தையே ஓடுகிறது. இந்த இரண்டு இனப் பூக்களும் செடியில் வாரக்கணக்கில் நிற்கும், வெட்டினால் சீக்கிரமே தொய்ந்துவிடும். அனுப்பி வைக்கும் பெட்டியைத் திறக்கும்போதே வியாபாரி முகம் சுளிப்பார். ஸ்பெக்டாபிலிஸில் தண்டுக்கு ஒரே பூ வேறு. பூத்த தொட்டியாக, ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் விற்பது நடக்கக் கூடியது. அதற்கு மில்டோனியாவிலேயே ஒரு தண்டில் மூன்று முதல் ஐந்து பூ விடும் ரெக்னெல்லி, அதைவிட அதிகம் விடும் மஞ்சள் பழுப்பு நிற கிளோவெசி ஆகியவை ஸ்பெக்டாபிலிஸைவிட மேல். பிராசியா என்ற இன்னோர் ஆர்க்கிட் இனத்தோடு கலந்த மில்டாசியா என்ற கலப்பினம் வெப்பத்தையும் கைப்பிழைகளையும் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், தொடக்கத்துக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

இருக்கும் 40-இல் இரட்டை இலை வரிசை இரண்டு பருவம் உங்கள் கொட்டகையில் பூத்த பிறகு எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவோம். வடகோளத்தில் வளர்ப்பவர்களிடம் மில்டோனியா பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் பூக்கும். அடுத்த முறை வாங்கும்போது இனப்பெயரை மட்டும் கேட்காமல் வகைப்பெயரையும் எழுதி வாங்குங்கள். எல்லா ஆர்க்கிட்டுகளும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டில் வருபவை, அதனால் வெளிநாட்டிலிருந்து இறக்கிய செடி என்றால் இறக்குமதி அனுமதியும் தாவரத் தனிமைப்படுத்தல் சான்றும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.