ஊசி புதுசா என்று கேட்கலாமா?

கேள்வி: வலை இழுக்கும்போது கெளுத்தி முள் குத்தியதால் என் வீட்டுக்காரரை ஊர் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். தட்டில் ஏற்கெனவே மருந்து ஏற்றி வைத்திருந்த ஊசியைப் போட்டார்கள். புதுசா என்று கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. உறையைப் பிரிப்பதும் மருந்து ஏற்றுவதும் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை அடுத்தவருக்கும் போடுகிற இடங்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அப்புறம் எச்.ஐ.வி. மூன்றுமே அப்படிப் பரவக்கூடியவை. போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. அங்கேயே வெட்டி, ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகள் அதற்குத்தான். குப்பையோடு கொட்டினால், கடற்கரையில் வெறுங்காலோடு ஓடும் நம் பிள்ளைகளைத்தான் அது குத்தும்.

இப்படி முள் குத்தினால் போடும் டி.டி. (டெட்டனஸ்) தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார், காட்டுவார்.

அப்புறம், தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகள் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் ராமநாதபுரத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.