தம்பி கையில் கலர் கயிறு

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் வள்ளியூர் பக்கம். தம்பி பாளையங்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருஷம். போன வருஷம் பஸ்ஸில் சில பையன்கள் சாதியைச் சொல்லித் திட்டி அடித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு, ஸ்டேட்டஸ் முழுக்க அரிவாள். சின்ன வயசிலிருந்து வாலிபால் ஆடிய சிநேகிதனோடு பேச்சே இல்லை. குண்டு வைக்கிறவர்களும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. போனைப் பிடுங்கிவிடலாமா? துபாயில் இருக்கும் அப்பாவிடம் சொல்லலாமா?

பதில்: தங்கச்சி, போனைப் பிடுங்காதீர்கள்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. குண்டு வைத்தவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் இப்படி ஆரம்பிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் இப்போதே அவனைக் கொலைகாரனாகப் பார்க்க வேண்டாம்.

வறுமையும் படிப்பில்லாமையும்தான் காரணம் என்று மேடையில் பேசுவது சுலபம். 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் 250 பேருக்கு மேல் கொன்ற தற்கொலைக் குண்டுதாரிகளில் இரண்டு பேர் கொழும்பின் பணக்கார மசாலா வியாபாரி ஒருவரின் பிள்ளைகள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்ட ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தில் இதய அறுவை மருத்துவர் ஒருவரே இருந்தார். அவர்களுக்கு என்ன குறை?

மார்க் சேஜ்மேன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அல்கொய்தா வகை இயக்கங்களில் இருந்த 172 பேரின் வாழ்க்கையை அலசி 2004இல் எழுதினார். பெரும்பாலோர் கொள்கையைப் படித்துவிட்டுச் சேரவில்லை. சிநேகிதன் இருந்தான், மச்சான் இருந்தான், கூடவே போனார்கள். கொள்கை அப்புறம் வந்தது. உங்கள் தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கும். அடிபட்டு அவமானத்தோடு நின்றவனிடம் யாரோ ஒருவன், “எவம்ல உன்னைத் தொட்டது?” என்று கேட்டிருப்பான். வீட்டில் யாராவது அப்படிக் கேட்டீர்களா?

உள்ளே போனபின் நடப்பது வேறு. ஒரே மாதிரி ஆட்கள் மட்டும் இருக்கும் இடத்தில் யார் காரமாகப் பேசுகிறானோ அவனுக்குத்தான் மவுசு. நேற்று ஒருவன் அரிவாள் படம் போட்டால், இன்று இவன் அரிவாளோடு தானே நிற்கும் படம் போட வேண்டியிருக்கும். கூடவே சின்னச் சின்ன வேலைகள் வரும். நினைவு நாளுக்கு பிளெக்ஸ் கட்டு, வசூல் பணத்தை வைத்திரு, இந்தப் பையை ஒரு ராத்திரி உன் வீட்டில் வை. ஒரு கேஸில் பெயர் வந்துவிட்டால் வேலை, பாஸ்போர்ட் எல்லாம் சிக்கல். இனி திரும்ப வழியில்லை என்று அவனே நினைத்துக்கொள்வான். தலைவன் என்று இருக்கிறவனுக்கு அதுதான் வசதி. அவன் பிள்ளை வெளியூரில் இன்ஜினியரிங் படிக்கும்.

நாங்குநேரியை நாம் மறக்க முடியாது. 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் இந்தக் கலர் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. சரி, கயிற்றை அறுக்கலாம். ஆனால் கூட்டத்தை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போனைப் பிடுங்கினால் வீடும் எதிரி என்று ஆகிவிடும். போன் இன்னொருத்தன் கையிலிருந்து வந்துவிடும்.

அந்த வாலிபால் சிநேகிதனை எப்படியாவது வீட்டுக்கு வரவழையுங்கள். கோயில் கொடைக்குக் கூப்பிடலாம், சாப்பிடக் கூப்பிடலாம். சாதிப் பேச்சைத் தம்பியோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கேள்வி மட்டும் கேளுங்கள். “அந்தத் தலைவர் பையன் இந்தக் கூட்டத்துல இருக்கானா?” என்று ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஆயுதம் வீட்டுக்கு வந்தாலோ, இன்னாரை இன்ன நாளில் என்று பேச்சு வந்தாலோ, சொந்தத் தம்பி என்று பார்க்க வேண்டாம். உடனே 112க்குப் போன் செய்யுங்கள். எதிரில் இருப்பவனும் ஒரு அக்காவுக்குத் தம்பி.

அப்பாவிடம் சொல்லுங்கள். போனில் கத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவைத்துவிட்டுச் சொல்லுங்கள். பஸ்ஸில் அடித்ததற்குப் புகார் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் இப்போதும் கொடுக்கலாம், காலேஜ் முதல்வருக்கு ஒன்று, ஸ்டேஷனில் ஒன்று. அப்பா லீவில் வரும்போது அவரே தம்பியைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.