மகளின் பள்ளியில் மனநல ஆய்வு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். நர்சிங் கல்லூரியிலிருந்து மாணவிகளின் மனநலம் பற்றி ஆய்வு செய்ய வருகிறார்களாம். சம்மதப் படிவம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் 'மனநோய்' என்று எங்காவது பதிவாகிவிடுமோ? நீட் எழுதப்போகிற பிள்ளை. நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் இடைஞ்சல் வரக் கூடாது. வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டுங்க மேடம்?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: பயப்படாதீங்கம்மா. கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்ததால் எங்கும் எதுவும் பதிவாகாது. ஒழுங்காக நடக்கும் ஆய்வில் அந்தத் தாளில் பெயரே இருக்காது, ஒரு எண்தான் இருக்கும். டி.சி.யில் ஏறாது, மார்க் ஷீட்டில் ஏறாது. நீட் நடத்துகிறவர்களுக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. ஆய்வேட்டில் அச்சாவது 'இத்தனை மாணவிகளில் இத்தனை சதவீதம் பேருக்கு மிதமான மனச்சோர்வு' என்கிற கணக்கு மட்டும்தான்.

வருகிறவர் பெரும்பாலும் எம்.எஸ்சி. நர்சிங்கில் மனநலப் பிரிவு படிக்கும் பெண்ணாக இருப்பார். இரண்டு வருடப் படிப்பில் ஓர் ஆய்வு கட்டாயம். நாமக்கல், ஈரோடு, சேலம் பக்கம் நர்சிங் கல்லூரிகளும் நிறைய, விடுதிப் பள்ளிகளும் நிறைய. அதனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளிடம்தான் அடிக்கடி வருகிறார்கள். வந்து கேட்பதும் பெரிய ரகசியம் இல்லை. தூக்கம் எப்படி, பரீட்சைப் பயம் உண்டா, எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா, இவ்வளவுதான். மனச்சோர்வுக்கு அதிகம் பயன்படும் ஒரு தாளில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10க்கு மேல் போனால் நோய் என்று பொருள் இல்லை. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் குறைத்துக் காட்டினால் உடனே கலப்படம் என்று முடிவு கட்டுவதில்லை, இன்னொரு தடவை சோதிக்கிறார்கள் அல்லவா, அதுபோலத்தான். நோய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது மருத்துவர்.

பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. ஐம்பது பேர் வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் யார் என்று விடுதியில் யாருக்கும் தெரிவதில்லை. ஆய்வு நடந்தால் ஓரிருவராவது கண்ணில் படுவார்கள். நான் 'போடுங்கள்' என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

ரகசியம் காக்கப்படும் என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, இதை நிதானமாகப் படியுங்கள். நான் சொன்ன அந்த ஒன்பது கேள்வித் தாளின் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்று கேட்கும். ஒரு பிள்ளை அதில் 'சில நாட்கள்' என்று குறித்திருந்தாலும், ஆய்வாளர் அன்றைக்கே அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். தாளில் எண்தானே இருக்கிறது என்பீர்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆய்வாளரிடம் மட்டும் தனியாகப் பூட்டி இருக்கும், அதைத் திறப்பது இப்படிப்பட்ட நாளில்தான். பிள்ளை 'வீட்டுக்குச் சொல்லாதீங்க அக்கா' என்று கெஞ்சும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'உங்கம்மாவிடம் சொல்லப்போகிறேன்' என்று முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு. வகுப்பாசிரியருக்கு, பக்கத்து ரூம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. விடுதியில் ஆள் துணைக்கு இருக்க வேண்டும் என்பதால் வார்டனுக்கு மட்டும், தேவையான அளவு. அப்படி ஒரு போன் வந்தால் 'உனக்கு என்ன குறை வெச்சோம்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கிளம்பிப் போய் உடன் இருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். அப்புறம், இப்படிக் கேட்பதாலேயே பிள்ளை மனதில் அந்த நினைப்பு விதைந்துவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். விதையாது. கேட்டால் பாரம் இறங்குகிறது.

வீட்டுக்காரர் பயப்பட வேண்டியது வேறு ஆட்களுக்கு. 'மனநல சர்வே' என்று சொல்லிப் பள்ளிக்குள் நுழைகிற எல்லோரும் ஆய்வாளர்கள் இல்லை. பெயர், அப்பா தொழில், கைபேசி எண் என்று எழுதி வாங்கிப் போகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பத்து நாளில் போன் வரும்: 'உங்கள் மகளுக்குக் கவனச்சிதறல் அதிகம், பத்து சிட்டிங் பேக்கேஜ் இருக்கிறது.' இன்னொரு கூட்டம் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, மூளையில் எந்தப் பக்கம் வலுவானது, மெடிக்கலா இன்ஜினியரிங்கா என்று கலர் கலராக ரிப்போர்ட் கொடுக்கும். ரேகையைப் பார்த்துப் படிப்பைச் சொல்வதற்கு அறிவியலில் இடமே கிடையாது. ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு ரிப்போர்ட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிற பெற்றோரைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, அவர்கள் மேல் இல்லை, இதற்கு ஹாலைத் திறந்துவிடும் பள்ளி நிர்வாகங்கள் மேல்.

ஆய்வு செய்கிற எங்கள் பக்கத்திலும் அழுக்கு இருக்கிறது. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை மாடியில் 'புராஜெக்ட் சென்டர்' இருக்கும். தலைப்பிலிருந்து புள்ளிவிவரம் வரை காசுக்கு முடித்துத் தருவார்கள். அறுபது பிள்ளைகளின் பதிலை ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் நிரப்புவார்கள். காகிதத்தில் முப்பது பேருக்குத் தசைத்தளர்வுப் பயிற்சி, ஒப்பிட்டுப் பார்க்க முப்பது பேருக்கு ஒன்றுமில்லை, முடிவு எப்போதும் மாபெரும் வெற்றி. தோற்ற ஆய்வைக் கண்ணில் காண்பதே அபூர்வம். எல்லாம் தெரிந்தும் கையெழுத்துப் போடும் வழிகாட்டி ஆசிரியர்கள், நாலைந்து வாரத்தில் டேட்டா முடிக்கச் சொல்லும் கால அட்டவணை, முதல்வர் அனுமதிக் கடிதம் இருந்தால் பெற்றோர் எதற்கு என்று கேட்கும் அலட்சியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: பெற்றோர் சம்மதம் வேண்டும், 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். உங்கள் வீட்டுக்குப் படிவம் வந்து சேர்ந்ததே, அந்தப் பெண் முறைப்படி போகிறார் என்பதற்கு அடையாளம்.

பெயர் வெளியே போவதற்கு ஒரே ஓட்டை எது தெரியுமா? போட்டோ. பிள்ளைகள் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்புவதைப் படம் எடுத்து ஆய்வேட்டின் கடைசியில் ஒட்டுவது நம் ஊர் நர்சிங் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. அதே ஆய்வேடுதான் பிறகு இணையத்தில் ஏறுகிறது. முன் பக்கத்தில் 'மனச்சோர்வு', பின் பக்கத்தில் யூனிஃபார்மோடு உங்கள் மகள் முகம். எதற்கு இந்தப் படம் என்று பல வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், 'எல்லோரும் ஒட்டுகிறார்கள் மேடம்' என்பதற்கு மேல் பதில் இல்லை.

ஆகவே முதலில் மகளிடம் போனில் கேளுங்கள். அவளுக்கு விருப்பமில்லை என்றால் விஷயம் அத்தோடு முடிந்தது, நடுவில் விலகவும் அவளுக்கு உரிமை உண்டு. சரி என்றால், படிவத்தில் கல்லூரிப் பெயர், வழிகாட்டியின் எண், நெறிமுறைக் குழு அனுமதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். வழிகாட்டிக்கு ஒரு போன் போட்டு, 'கடைசிக் கேள்விக்கு ஆம் என்று வந்தால் அன்றைக்கே என்ன செய்வீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். தடுமாறினால் போட வேண்டாம். ஒழுங்காகச் சொன்னால் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழேயே 'புகைப்படம் எடுக்கச் சம்மதமில்லை' என்று பேனாவில் எழுதி, படிவத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுத்தனுப்புங்கள்.