கைமறதி

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு வயது 46. வேலைக்குப் போகிறேன். வீட்டில் கணவர், மகன், மகள், மாமனார்.

சில மாதங்களாக எனக்குக் கவனமே நிற்பதில்லை. எதையோ எடுக்க அறைக்குள் போகிறேன், போனதும் எதற்கு வந்தோம் என்று விழிக்கிறேன். போனில் பேசிக்கொண்டே போனைத் தேடியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜுக்குள் கிடைத்தது. போன வாரம் பால் பொங்கி, பாத்திரம் கரிந்து, வீடெல்லாம் புகை. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். மாமனாரின் எட்டு மணி மாத்திரையைப் பிரித்துக்கொண்டு, விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள் என்று மகளை விரட்டிக்கொண்டு. கணவர் "உன் நினைப்பெல்லாம் எங்கே இருக்கு?" என்றார். மகன் எனக்குத் தங்கமீன் என்று பெயர் வைத்துவிட்டான். அதற்கு மூன்று விநாடிதான் ஞாபகம் நிற்குமாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று நடுராத்திரி இணையத்தில் ஒரு ஞாபகசக்திப் பரிசோதனை செய்து பார்த்தேன். மதிப்பெண் குறைவு. இது பெரிய நோயின் ஆரம்பமா? மாத்திரை, குறுக்கெழுத்து, தியானம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்? நடந்ததையெல்லாம் தேதிவாரியாகப் பட்டியலிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். வெட்டியதில் முக்கால்வாசி மன்னிப்புகள். நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும், அற்ப விஷயத்தை எழுதுவதற்கு மன்னிக்கவும், நீளமாகப் போனதற்கு மன்னிக்கவும். அந்தப் பால் பாத்திரத்திடமும் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள் போலிருக்கிறது. சாதாரணமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்கு இரண்டு வரி பதில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் போன வாரம் பூராவும் என் அம்மாவின் சமையலறை டப்பாக்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நோய். நான் மருத்துவன் இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒன்று. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று தெரியாமல் நிற்பது வேறொன்று. தினம் போய்வரும் வழி குழம்பினால், கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்டால், கூட இருப்பவர்கள் கவலைப்படும்போது நமக்கு மட்டும் ஒன்றும் உறைக்காவிட்டால், மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. நீங்கள் உங்கள் மறதிகளைத் தேதிவாரியாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். இருந்தாலும் சில மாதங்களாக என்கிறீர்கள், ஒருமுறை போய்த் தைராய்டும் பி12-உம் பார்த்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஞாபகசக்தி மாத்திரை வேண்டாம். குறுக்கெழுத்துப் போட்டால் குறுக்கெழுத்து நன்றாக வரும். தியானம் நல்லதுதான், உட்கார உங்களுக்கு யாராவது அரைமணி நேரம் விட்டுக்கொடுத்தால். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடுராத்திரியில் பரீட்சை எழுதினீர்களே, அதற்குத்தான் உங்களை நன்றாகத் திட்ட வேண்டும். அந்த நேரத்தில் என்னை உட்காரவைத்தால் என் பெயருக்கே பாதி மதிப்பெண்தான் தேறும்.

அப்புறம் தங்கமீன். அது மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டப்பெயர் வைப்பவன் கொஞ்சம் படித்துவிட்டு வைக்கலாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

எதற்கு இந்த அறைக்கு வந்தோம் என்று நிற்பது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 1982இல் இங்கிலாந்தில் டொனால்ட் பிராட்பென்ட்டும் அவருடைய சகாக்களும் அன்றாடக் கவனப்பிசகை அளக்க 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். வீட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போய்விட்டு, ஏன் போனோம் என்று மறந்துபோகிறதா என்பது அதில் ஆரம்பத்திலேயே வரும் கேள்வி. 2011இல் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வான்ஸ்கியின் குழு இதைச் சோதனையாகவே செய்தது. ஒரு மேசையிலிருந்து ஒரு பொருளை எடுத்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே அறைக்குள் நடந்ததைவிட, அதே தூரத்தை ஒரு கதவைத் தாண்டி நடந்தபோது, கொண்டுவந்தது என்ன என்பது அதிகம் மறந்தது. நிலைப்படியைத் தாண்டியதும் மனம் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கைத் திறக்கிறது என்றார்கள். கிளம்பிய அறைக்கே திரும்பிப் போவதும் அந்தச் சோதனையில் உதவவில்லை. எனக்கு உதவுகிறது என்றுதான் இன்னமும் நம்புகிறேன், அது போகட்டும்.

பத்து வருடம் கழித்து, 2021இல், ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தில் இதையே மறுபடி சோதித்தார்கள். கதவு மட்டும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தலைக்குள் இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் கதவு கொஞ்சம் தன் கைவரிசையைக் காட்டியது. இதை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் எழுந்து நடந்தேன். உங்கள் கடிதத்தில் பால் பொங்கிய அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பிப் போய்ப் படியுங்கள். உங்கள் தலைக்குள் ஒரு மாத்திரை, ஒரு விண்ணப்பம், ஒரு கடிகாரம். இவ்வளவையும் ஞாபகம் வைத்திருந்த ஆளைப் பார்த்துத்தான் நினைப்பு எங்கே இருக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

கைமறதி என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. கைமறதியாக எங்கேயோ வைத்துவிட்டேன் என்கிறோம். தலைமறதி என்று யாரும் சொல்வதில்லை. தலை வேறெங்கோ இருந்த நேரத்தில் கை தன் பாட்டுக்கு எதையோ செய்துவிட்டது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜைத் திறந்து கையில் இருப்பதை உள்ளே வைப்பது பல்லாயிரம் தடவை பழகிய வேலை. கையில் இருந்தது கண்ணாடியா என்று கை பார்ப்பதில்லை. கண்ணாடியை அங்கே வைத்ததை நீங்கள் மறக்கவில்லை, அது உங்கள் நினைவுக்குள் போகவே இல்லை. போடாத பணத்தை வங்கியிலிருந்து எப்படி எடுப்பது?

ஜேம்ஸ் ரீசன் என்று ஒரு பிரிட்டிஷ் உளவியலாளர். 1970களில் ஒருநாள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பூனை பசியில் கத்தியது. பூனை உணவு டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளித் தேநீர்க் குடுவைக்குள் போட்டுவிட்டார். இது ஏன் நடந்தது என்று யோசிக்கப்போய் அவருடைய ஆராய்ச்சியே அந்தப் பக்கம் திரும்பியது. 35 பேரை இரண்டு வாரம் தங்கள் பிசகுகளை டைரியில் குறிக்கச் சொன்னார், 400க்கு மேல் சேர்ந்தன. பிற்பாடு விமான விபத்துகளிலும் மருத்துவத் தவறுகளிலும் அவர் பெயரைச் சொல்லாமல் யாரும் பேச முடியாது என்று ஆனது. ஆக, ஒரு பேராசிரியர் தேநீரில் பூனை உணவைப் போட்டால் ஒரு துறைக்கே வழி பிறக்கிறது. நீங்கள் பாலைப் பொங்கவிட்டால் தங்கமீன்.

ரீசனைக் குறை சொல்லவில்லை. தவறு செய்த ஆளைத் திட்டிப் பயனில்லை, தவறு நடக்கும்படி அமைந்திருக்கிற ஏற்பாட்டைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னவரே அவர்தான். விமான நிலையம் வரைக்கும் போன செய்தி, வீட்டுச் சமையலறைக்கு இன்னும் வரவில்லை.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்து, இரண்டு பாத்திரங்களைக் கருக்கியிருக்கிறேன். ஒன்றின் அடியே கழன்றுவிட்டது. எங்கள் வீட்டில் அது ஒரு பெருமைக்கதை. விருந்தாளிகள் வந்தால் என் மனைவியே சொல்வாள், எழுத்தாளர் இல்லையா என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவள் ஒரே ஒரு தடவை வாசல் கதவைப் பூட்டாமல் போனாள். அன்று நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இதை எங்கே கற்றேன் என்று தெரியும். என் அப்பா எதையும் மறக்காத மனிதர், குடும்பத்தில் அப்படித்தான் பேர். கண்ணாடி, பேனா, கைக்குட்டை, சாவி நான்கும் எப்போதும் அவரிடம் இருக்கும். அம்மா மறதிக்காரி. கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடுவாள். எங்கள் மூன்று பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்ன பிறகுதான் கூப்பிட நினைத்தவனின் பெயர் வாயில் வரும். "இவளை நம்பி ஒரு காரியம் செய்ய முடியாது" என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். அம்மா அந்தக் கையில் பேனாவை வைப்பாள்.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு ஓர் அறுவைசிகிச்சை, ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். இரண்டாம் நாள் காலை அப்பா டீ போடக் கிளம்பினார். நான் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'டீத்தூள்' என்று எழுதிய டப்பாவைத் திறந்தார், சர்க்கரை இருந்தது. 'சர்க்கரை'யைத் திறந்தார், பொத்தான்களும் ஒரு நூல்கண்டும் இருந்தன. 'உப்பு' டப்பாவில் ரசீதுகள். பெயரே எழுதாத ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அதற்குள் தண்ணீர் வற்றிப் பாத்திரம் சடசடவென்று சத்தம் போட்டது. எதையும் மறக்காத மனிதர் ஏழெட்டு மூடிகளைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு நடுவில் நின்றார். பனியன் எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்டார். அந்த ஒன்பது நாளில் மூன்று தடவை சாவியைத் தொலைத்தார். ஒருநாள் தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துபோனார். தம்பி இருட்டும் வரைக்கும் வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அவருக்கு ஞாபகசக்தி இருந்ததே இல்லை, ம. அவருடையதும் அம்மாவின் தலையில்தான் இருந்தது. அங்கே இறக்கிவைத்துவிட்டுக் கைவீசி நடந்திருக்கிறார். எங்கள் எல்லோருடையதையும் சுமந்துகொண்டிருந்தவளுக்குத் தன் கண்ணாடிக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிருக்கிறது.

அம்மா திரும்பி வந்தபோது எல்லா டப்பாக்களிலும் அப்பா புதிதாகக் காகிதம் ஒட்டி, உள்ளே இருப்பதைச் சரியாக எழுதிவைத்திருந்தார். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சாவி எங்கே என்று அப்பா உள்ளிருந்து குரல் கொடுத்தார். அம்மா படுத்தபடியே சொன்னாள்.

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சேர்ந்து வாழ்கிறவர்கள், எதை யார் நினைவில் வைப்பது என்று பேசிக்கொள்ளாமலே பங்கு பிரித்துக்கொள்கிறார்கள் என்கிறார். நல்ல ஏற்பாடுதான், பங்கு சரியாக இருந்தால். 1991இல் அவரும் சகாக்களும் 59 காதல் ஜோடிகளைவைத்து ஒரு சோதனை செய்தார்கள். இந்த வகை விஷயங்களை நீ நினைவில் வை, அந்த வகையை அவர் வைக்கட்டும் என்று வெளியிலிருந்து பிரித்துக் கொடுத்தபோது, முன்பின் தெரியாத இருவரைச் சேர்த்து உட்காரவைத்ததைவிடக் காதலர்கள் மோசமாகச் செய்தார்கள். பழைய பங்கீடு குறுக்கே வந்து நின்றதுதான் காரணம்.

அதனால் சொல்கிறேன், நீங்கள் மாற்றினால் முதலில் எல்லாம் குளறுபடியாகும். ஆகட்டும். உதவி கேட்காதீர்கள். கேட்டால், "ஞாபகப்படுத்து, செய்துவிடுகிறேன்" என்பார் உங்கள் கணவர். ஞாபகப்படுத்துவதுதான் வேலை, செய்வது அதன் வால். வாலை வாங்கிக்கொண்டு தலையை உங்களிடமே விட்டுவிடுவார்கள். மாமனாரின் மாத்திரையில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம், விண்ணப்பத்தில் ஆரம்பியுங்கள். மகளின் கடைசி நாள் மகளுடையது. முடித்துவிட்டாளா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தீர்கள் என்றால் அதை நீங்கள் இன்னும் இறக்கிவைக்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, 'நானும் சிரித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த வரி அது ஒன்றுதான். அடுத்த தடவை சிரிக்காமல் உட்கார்ந்திருங்கள். சிரிப்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள் அல்லவா, மறந்தே போய்விட்டேன். ஜப்பானிய ரயில்வே ஊழியர்கள் சமிக்ஞையை விரலால் சுட்டிக்காட்டி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் தவறுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைவதாக 1994இல் அங்கே ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அடுப்பை அணைக்கும்போது விரலை நீட்டி 'அடுப்பு அணைந்தது' என்று சத்தமாகச் சொல்லுங்கள். கையும் தலையும் ஒரு விநாடி ஒரே இடத்துக்கு வந்து சேரும். நான் இரண்டு மாதமாகச் சொல்கிறேன், பாத்திரம் ஒன்றும் கருகவில்லை. மனைவி மட்டும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

பட்டியலை இணைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கடிதத்தோடு எதுவும் வரவில்லை. அனுப்ப வேண்டாம்.