மோட்டார் கண்ணாடியை அறையும் குரங்குக்கு ‘நான்’ என்ற உணர்வு உண்டா?

சுங்கை சிப்புட் தோட்ட லயத்தில் நீண்டவால் குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டு மோட்டாரின் பக்கக் கண்ணாடியை அறைகிறதே, தன் முகமே அதற்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாது. குரங்குக்கு முறைப்பு என்றால் சவால். கண்ணாடிக்குள் இருப்பதோ பார்வையை விலக்குவதே இல்லை. அதனால்தான் அந்த ஆவேசம். 1970இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் காலப், மயக்கத்தில் இருந்த சிம்பன்சிகளின் புருவத்தில் சிவப்புச் சாயம் பூசினார். விழித்தபின் அவை கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் புருவத்தையே தொட்டன. நீண்டவால் குரங்கோ மாதக்கணக்கில் கண்ணாடி வைத்தும் தேறவில்லை.

அதற்காக உணர்வே இல்லை என்பது பெருந்தவறு. 2001இல் வெளியான சோதனையில், இதற்கு நெருங்கிய உறவான ரீசஸ் குரங்குகள், முன்பு காட்டிய படம் மறந்துபோனால் நினைவுத் தேர்வைத் தவிர்த்துச் சிறு பரிசோடு நின்றுகொண்டன. தன் மறதி தனக்கே தெரிகிறது!

கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டுங்கள். நீங்களும் முறைக்காதீர்கள்.