பிரசங்க பீடத்தில் நான் ஏறலாமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. பல வருடமாகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்தி வருகிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு எங்கள் ஐயர் (சபைப் போதகர்) வேறு ஊர்ச் சபைக்குப் போகவேண்டியிருப்பதால், காலை ஆராதனையில் என்னைப் பிரசங்கம் பண்ணச் சொல்லியிருக்கிறார். சபைக் கமிட்டியில் இருக்கும் என் சின்ன மாமனார், "பெண் உபதேசம் பண்ணக்கூடாது என்று பவுலே எழுதியிருக்கிறார். தெபொராளைக்கூட, அந்தக் காலத்தில் தைரியமான ஆண்பிள்ளை இல்லாததால்தான் ஆண்டவர் எழுப்பினார்" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒத்துக்கொள்ளவா, வேண்டாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஒத்துக்கொள்ளுங்கள்.

சின்ன மாமனார் சொன்ன இரண்டில் உங்களை அதிகம் உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஐயர் ஊரில் இல்லாததால்தானே நம்மைக் கேட்கிறார்கள் என்ற எண்ணம் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

நியாயாதிபதிகள் 4-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். படையை நடத்திய பாராக் கதைக்குள் வருவதற்கு முன்பே தெபொராள் ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே பேரீச்சமரத்தின் கீழ் இருந்து இஸ்ரவேலை நியாயம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஜனங்கள் அவரிடம் போகிறார்கள். ஆண் யாரும் கிடைக்காததால் அவர் வந்தார் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. பாராக்கை ஆளனுப்பி வரவழைத்ததே அவர்தான். நீ கூட வந்தால்தான் போவேன் என்ற பாராக்கின் தயக்கம் அதற்குப் பிறகு நடந்தது. அதைக் காரணமாக முன்னால் கொண்டுபோய் வைத்தது நாம்தான்.

இதற்கும் சின்ன மாமனார் ஏதாவது சமாதானம் சொல்லலாம். ஆனால் உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியின் விஷயத்தில் அது முடியாது. நம் பிரசங்கங்களில் இவர் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். 2 இராஜாக்கள் 22-ஐ எடுங்கள். யோசியா ராஜாவின் 18-ஆம் வருடம். ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. வாசிக்கக் கேட்ட ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, கர்த்தரிடத்தில் விசாரியுங்கள் என்று அனுப்புகிறார். பிரதான ஆசாரியன் இல்க்கியாவும் சம்பிரதியாகிய (ராஜாவின் எழுத்தர்) சாப்பானும் இன்னும் மூன்று பேரும் புறப்பட்டுப் போனது எருசலேமில் குடியிருந்த உல்தாளிடம்.

அப்போது ஆண் தீர்க்கதரிசி இல்லையா? எரேமியா 1:2-ஐப் பாருங்கள். யோசியாவின் 13-ஆம் வருடத்திலேயே எரேமியாவுக்குக் கர்த்தருடைய வார்த்தை உண்டாயிற்று. அதாவது, அவர் அழைக்கப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. செப்பனியாவும் யோசியாவின் காலத்தவர்தான். அப்படியிருந்தும் பிரதான ஆசாரியனே நடந்துபோய் நின்றது ஒரு பெண்ணின் முன்னால். உல்தாளும் தயங்கவில்லை. இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தர் சொல்கிறார் என்றே பேசுகிறார். ராஜா அதைக் கேட்டு, ஜனங்களைக் கூட்டி, விக்கிரகங்களை அகற்றி, பஸ்காவை ஆசரிக்கச் செய்கிறார். இத்தனைக்கும் பிறகு "ஆள் இல்லாததால்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, பவுல். சின்ன மாமனார் சொல்லும் 1 தீமோத்தேயு 2:12 கடினமான வசனம்தான், அதை மறைக்க வேண்டாம். நேர்மையாகவே அதை எக்காலத்துக்கும் உரிய தடையாக எடுத்துக்கொள்கிற சபைகள் இருக்கின்றன. ஆனால் தீமோத்தேயுவுக்கு எழுதிய அந்த நிருபம் போன இடம் எபேசு பட்டணம். கள்ள உபதேசத்தைத் தடுக்கத்தான் தீமோத்தேயு அங்கே விடப்பட்டிருந்தார் என்று முதல் அதிகாரமே சொல்கிறது. அதே எபேசுவில்தான் பிரிஸ்கில்லாள் தன் கணவர் ஆக்கில்லாவோடு சேர்ந்து, வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவுக்கு தேவனுடைய மார்க்கத்தை விவரித்துக் காட்டினார் (அப்போஸ்தலர் 18:26). பவுல் அவரைக் கண்டித்தாரா? தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் அந்த அம்மாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார், அதுவும் கணவர் பெயருக்கு முன்னால். சபையில் ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்களைப் பற்றி 1 கொரிந்தியர் 11:5-இல் எழுதியதும் அவரேதான். ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவையும் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றையும் சின்ன மாமனாருக்கு ஞாபகப்படுத்தலாம். கிளாரிந்தா அம்மாளை உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1778-இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற விதவை. பாளையங்கோட்டையில் விசுவாசிகளைச் சேர்த்து ஆலயம் கட்டினார். 1780-ஆம் வருடத்துச் சபைப் பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறார். சி.எஸ்.ஐ. திருச்சபையில் பெண்கள் குருப்பட்டம் பெறத் தொடங்கியதும் நேற்று இன்றல்ல. 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயரே ஆகிவிட்டார். ஆகவே உங்கள் ஐயர் உங்களைக் கேட்டதில் திருச்சபை ஒழுங்கு எதுவும் மீறப்படவில்லை.

இனி வீட்டு விஷயம். கணவரிடம் "உன் இஷ்டம்" போதாது என்று நேராகச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் பேசவேண்டியவர் அவர்தான். அண்ணன் மகன் வாயால் வரும்போது அது வேறு மாதிரி கேட்கும். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் வசனத்துக்கு வசனம் வாதாடப் போகாதீர்கள். வேண்டுமானால் 2 இராஜாக்கள் 22-ஐ அவரோடு உட்கார்ந்து வாசிக்கலாம் என்று கேளுங்கள், மரியாதையாக. அவர் மாறாவிட்டாலும் உங்கள் வேலை நிற்கவேண்டியதில்லை. கமிட்டிக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஐயருடையது, அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பிரசங்கத்தில் பெண்களின் உரிமையைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த ஞாயிறுக்கென்று குறித்திருக்கும் வேதபாடத்தை நன்றாகப் படித்து, அதையே பிரசங்கியுங்கள். "நான் ஒரு சாதாரணப் பெண், மன்னிக்கவும்" என்றெல்லாம் தொடங்க வேண்டாம். கீழே நின்று பேசினால் போதும் என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் எங்கே நின்று பேசுவார்களோ அங்கேயே நான் நிற்கிறேன் என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஐயரிடம் ஒரு காரியம் கேளுங்கள். இந்த ஒரு ஞாயிறோடு விடாமல், அவர் ஊரில் இருக்கும் ஒரு ஞாயிறன்றும் உங்களைப் பிரசங்கிக்கச் சொல்லட்டும். அன்றைக்கு அவரும் சபையாரோடு உட்கார்ந்து கேட்கட்டும்.